நெஞ்சை நாடிய நுண்குழாய்

நெஞ்சோடு பேசுவது தமிழிலக்கியத்தின் பழைய வழக்கு. பிறரிடம் சொல்லவொண்ணாத துயரை அகத்துறைத் தலைவனும் தலைவியும் தத்தம் நெஞ்சுக்கே உரைத்தனர். திருவள்ளுவரோ 'நெஞ்சொடு கிளத்தல்' என்றும் 'நெஞ்சொடு புலத்தல்' என்றும் இரண்டு அதிகாரங்களை அதற்கென்றே வகுத்தார். புலவர் பேசிய நெஞ்சு மனம். வைத்தியர் பேசும் நெஞ்சோ, அவரவர் கைமுட்டி அளவினதான ஒரு தசைப்பை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் முறை சுருங்கி விரியும் அந்தத் தசைப்பையில் கைவைக்க, 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை சத்திரவைத்தியரும் அஞ்சினர்.

இன்று நிலைமை வேறு. மணிக்கட்டிலோ தொடையின் மேற்புறத்திலோ சிறு துளையொன்றை இட்டு, நீண்டு நெகிழ்ந்த நுண்குழாய் ஒன்றைக் குருதிக் குழாயின் வழியே செலுத்தி, எக்ஸ் கதிர்த் திரையைப் பார்த்தபடியே அதனை நெஞ்சுவரை கொண்டுசெல்கின்றனர். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருக்கிறார். அடைபட்ட நாடி திறக்கப்படுகிறது. ஒடுங்கிய வால்வு விரிக்கப்படுகிறது. பழுதுற்ற வால்வினுள்ளே புதியதொன்று பொருத்தப்படுகிறது. கதீற்றர் என்று வைத்தியர் அழைக்கும் அந்தக் குழாய் நெஞ்சை அடைந்துவிட்டது. அக்குழாயை வேண்டி நிற்கும் மனிதன் உரிய நேரத்தில் அதனை அடைகின்றானா என்பதே இன்று நம்முன் நிற்கும் வினா.

கதவு திறந்த கதை

ஜேர்மனியில் எபர்ஸ்வால்டே என்னும் சிறு நகரத்தில், 1929ஆம் ஆண்டில், வேர்னர் போர்ஸ்மன் என்ற 25 வயது வைத்தியர் ஒருவர் பணியாற்றிவந்தார். கைநாளத்தின் வழியே குழாயைச் செலுத்தினால் அது இதயத்தைச் சென்று சேரும் என்பது அவர் துணிபு. மேலதிகாரி அனுமதி மறுத்தார். கேர்டா டிட்சன் என்னும் தாதி தம்மையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுக்க முன்வந்தார். போர்ஸ்மனோ அவரை மேசையில் கிடத்திக் கட்டிவிட்டு, அவர் அறியாதபடி தம் கையையே கீறி, 65 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் குழாயை உட்செலுத்தினார். பின்னர் அக்குழாயோடு படியிறங்கிச் சென்று, எக்ஸ் கதிர்ப் படத்தில் அதன் நுனி தம் இதயத்துள் இருப்பதைக் கண்டார். அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, கண்டனம். ஆயினும் 1956இல், அவர் காட்டிய வழியைப் பின்பற்றி ஆய்வுசெய்த கூர்னான், றிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடு நோபல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

போர்ஸ்மன் திறந்த கதவினூடே பிறர் ஒவ்வொருவராக நுழைந்தனர். இதயத் தசைக்கே குருதி ஊட்டும் குழாய்களுக்கு முடியுருநாடிகள் என்று பெயர். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் 1958இல் மேசன் சோன்ஸ் என்பவர் பெருநாடியில் சாயத்தைச் செலுத்த முனைந்தபோது, குழாயின் நுனி தற்செயலாக முடியுருநாடியின் வாயிலில் சிக்கிச் சாயம் முழுவதும் அதனுள்ளே பாய்ந்தது. நோயாளியின் இதயம் சில கணங்கள் நின்றது. பலமாக இருமச் செய்ததும் மீண்டும் இயங்கிற்று. அந்தத் தற்செயலில் பிறந்ததே இன்று யாவரும் அறிந்த 'அஞ்சியோகிராம்' பரிசோதனை.

பார்ப்பதற்கு வந்த குழாய் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டது 1964இல். பாதம் அழுகத் தொடங்கியும் காலை இழப்பதற்கு இணங்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடை நாடியை, போர்ட்லண்ட் நகரில் சார்ள்ஸ் டொட்டர் என்பவர் குழாய்களைக் கொண்டே விரித்தார். அம்மூதாட்டி தம் எஞ்சிய வாழ்நாளைத் தம் கால்களிலேயே நடந்து கழித்தார். காலில் இயன்றது நெஞ்சிலும் இயலாதோ என்று சிந்தித்தவர் அன்ட்றியாஸ் கிறன்ட்சிக். சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறையில் இருந்து நுண்ணிய பலூன்களைச் செய்து பார்த்தவர் அவர். 1977 செப்ரெம்பர் 16ஆம் நாள் 38 வயது நோயாளி ஒருவரின் முடியுருநாடிக்குள் அத்தகைய பலூனைக் கொண்டுசென்று ஊதி, அடைப்பை விரித்தார். பத்தாண்டுகளின் பின்னர் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த நாடி திறந்தே இருந்தது.

அக்கலை நம் பக்கத்துக்கு வர நீண்டகாலம் ஆகவில்லை. கிறன்ட்சிக்கிடம் பயின்ற டொக்டர் மத்தியூ சாமுவேல் களரிக்கல், இந்தியாவின் முதலாவது பலூன் சிகிச்சையை 1986இல் சென்னையில் செய்தார். கேரளத்தில் பிறந்து சென்னையைத் தம் தொழிற்களமாகக் கொண்ட அவர், இலங்கை உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இச்சிகிச்சை வேரூன்ற உதவியவர். 2025 ஏப்பிரலில் அவர் காலமானபோது, தென்னாசியாவில் ஒரு தலைமுறை வைத்தியர்கள் தம் ஆசானை இழந்தனர்.

விரித்த நாடி பலருக்குச் சில மாதங்களுள் மீண்டும் ஒடுங்கியது. அதனைத் தடுக்க, 1986இல் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் 'ஸ்டென்ட்' என்னும் கம்பிவலைக் குழல் முதன்முதலாக முடியுருநாடியுள் வைக்கப்பட்டது. பின்னர் மருந்து பூசிய ஸ்டென்ட்களும் வந்தன.

இத்தனை ஆற்றல் கைக்கு வந்தபின் எழும் கேள்வி ஒன்று உண்டு: யாருக்கு, எதற்கு, எப்பொழுது? இக்கேள்விக்கு நம் முன்னோர் ஒருவர் என்றோ வழி வகுத்துவிட்டார். 'மருந்து' என்னும் அதிகாரத்தில், வைத்தியன் நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே செயற்படவேண்டும் என்றார் வள்ளுவர். இருதய ஆய்வு அண்மை ஆண்டுகளில் கண்ட முடிவுகளை அம்மூன்று அளவுகளிலும் நிறுத்துப் பார்க்கலாம்.

நோயின் அளவு

காலி வீதியை நினைத்துக்கொள்வோம். இரத்மலானையிலிருந்து கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை எனக் கோட்டை நோக்கிச் செல்லும் அவ்வீதி ஓரிடத்தில் ஒடுங்கினால், வாகனங்கள் மெல்ல ஊர்ந்தேனும் போய்ச்சேரும். காலை வேளையில் நெருக்கடி மிகும், இரவில் தோன்றாது. முடியுருநாடி மெல்ல மெல்ல ஒடுங்கியவனின் நிலை இதுவே. படியேறும்போது நெஞ்சு இறுகும், உட்கார்ந்தால் தணியும். வீதியின் குறுக்கே மரம் வீழ்ந்து போக்குவரத்து முற்றாக நின்றுவிடுமானால் அது வேறு நிலை. நாடியில் படிந்த கொழுப்புத் திட்டு திடீரென வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைப்பதே மாரடைப்பு. வெள்ளவத்தையில் கடலோரமாக மரைன் டிரைவ் அமைத்ததுபோல, அடைப்பைச் சுற்றிப் புதுவழி சமைப்பது 'பைபாஸ்' சத்திரசிகிச்சை. அடைபட்ட இடத்தையே திறப்பது கதீற்றர் சிகிச்சை.

மரம் வீழ்ந்த நிலையில் கதீற்றர் உயிர் காக்கும் என்பதில் ஐயமில்லை. மெல்ல ஒடுங்கிய நிலையில் என்ன? அங்கும் ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் நீளும் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். 2007இல் வெளியான 'கரேஜ்' ஆய்வு 2,287 நோயாளரைக் கொண்டும், 2020இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு 37 நாடுகளைச் சேர்ந்த 5,179 நோயாளரைக் கொண்டும் இந்நம்பிக்கையைச் சோதித்தன. உறுதிநிலையில் உள்ள இத்தகைய நோயாளருக்கு நல்ல மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்தால், மேலதிகமாக ஸ்டென்ட் வைப்பதனால் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்பதே அவை கண்ட முடிவு. இடது பிரதான நாடியில் பெரும் அடைப்புள்ளோர், இதயத்தின் வலு மிகவும் குன்றியோர் போன்றவர்களுக்கு இம்முடிவு பொருந்தாது.

பிரித்தானியாவில் நடைபெற்று 2017இல் வெளியான 'ஓர்பிற்றா' ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. 200 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட் வைத்தனர். மறுபகுதியினருக்குக் குழாயைச் செலுத்தியும் ஸ்டென்ட் வைக்காது விட்டனர். தாம் எப்பகுதியினர் என்பது எவருக்கும் தெரியாது. மருந்துகளைத் தக்கவாறு பெற்றிருந்த இரு பகுதியினரும் ஆறு வாரங்களின் பின் உடற்பயிற்சியில் பெரிதும் வேறுபடவில்லை. 2023இல் அதே குழுவினர் நெஞ்சுவலி மருந்துகளை நிறுத்திவிட்டு ஆராய்ந்தபோது, ஸ்டென்ட் நெஞ்சுவலியைத் தணிப்பது தெளிவாயிற்று. ஆகவே, உறுதிநிலை நோயில் ஸ்டென்ட் துன்பத்தைக் குறைக்கும் கருவி; ஆயுளைக் கூட்டும் கருவி என்று அதனைக் கொள்வதற்கில்லை.

இம்முடிவு ஏட்டளவில் நிற்பதன்று. வைத்தியர் ஸ்டென்ட் என்ற சொல்லை உச்சரித்ததும் நகைகளை அடகுவைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இந்திய அரசு 2017 பெப்ரவரியில் சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 இந்திய ரூபாயும் மருந்து பூசியதற்கு 29,600 ரூபாயும் உச்சவிலை என விதித்தபோது, அதுவரை இருந்த விலைகள் பெருமளவு வீழ்ந்தன. நடுத்தர வகுப்பினர் எத்தகைய சுமையைத் தாங்கிவந்தனர் என்பதை அவ்வீழ்ச்சியே காட்டிற்று. 'இது இன்றே வேண்டியதா? மருந்தோடு சில காலம் பொறுக்கலாமா?' என்று வைத்தியரைப் பணிவோடு கேட்பது நோயாளியின் உரிமை. மாரடைப்பு நேர்ந்த வேளையில் மட்டும் அக்கேள்விக்கு இடமில்லை.

நோயாளியின் அளவு

இனி வால்வுகள். இதயத்தின் அறைகளுக்கிடையிலும் அவற்றின் வெளிவாயில்களிலும் நான்கு கதவுகள் ஒருதிசையாகத் திறந்து மூடுகின்றன. செல்வம் மிக்க நாடுகளில் அவை கெடுவது பெரும்பாலும் முதுமையினால். பெருநாடியின் வால்வில் சுண்ணாம்பு படிந்து, கதவு கல்லாகிவிடுகிறது. பிரான்சின் றுவான் நகரில் அலன் கிறிபியே என்பவர், நெஞ்சைத் திறவாமலே குழாயின் வழியாகப் புதிய வால்வைக் கொண்டுசென்று பொருத்தும் முறையை 2002 ஏப்பிரல் 16ஆம் நாள் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். சுருக்கி மடித்த கம்பிக்கூட்டினுள், விலங்கின் இதய உறையிலிருந்து செய்த வால்வு அமைந்திருக்கும். உரிய இடத்தில் அது விரியும்.

சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டார் எனக் கைவிடப்பட்ட 358 முதியோரைக் கொண்டு அமெரிக்காவை மையமாக வைத்து நடந்த 'பார்ட்னர்' ஆய்வு 2010இல் வெளியாயிற்று. பழைய வைத்தியத்தைப் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் 50.7 வீதம், குழாய்வழி வால்வு பெற்றவர்களில் 30.7 வீதம். பக்கவாதமும் குருதிக் குழாய்ச் சேதமும் புதிய முறையில் கூடுதலாக நேர்ந்தன என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. 2019இல் வெளியான ஆய்வுகளோ சத்திரசிகிச்சையை நன்கு தாங்கக்கூடிய முதியோருக்கும் இம்முறை ஏற்றதெனக் காட்டின.

நம் நாடுகளின் கதை இதனின்றும் வேறுபட்டது. இங்கு வால்வைக் கெடுக்கும் நோய் பள்ளிப்பருவத்திலேயே வருகிறது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமியால் பிள்ளைக்குத் தொண்டை நோகும். சில வாரங்களின் பின் காய்ச்சலும், முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் மணிக்கட்டுக்குமாக இடம்மாறும் மூட்டுவலியும் தோன்றும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் படை இதயத்தின் வால்வையும் பகையெனக் கருதித் தாக்கும். இதுவே மூட்டுவாதக் காய்ச்சல். மூட்டுவலி ஆறிவிடும், வால்வின் வடு ஆறாது. ஆண்டுகள் செல்ல, இடப்புற அறைகளுக்கிடையில் உள்ள ஈரிதழ் வால்வின் விளிம்புகள் ஒட்டிக்கொள்ளும். இந்நோய் பெண்களையே மிகுதியாகப் பீடிக்கிறது. முதற் கருவைச் சுமக்கும் காலத்தில் மூச்சு முட்டியபின்னரே நோய் இருப்பதை அறியும் இளம்பெண்களும் பலர்.

இவர்களுக்கு முதியோருக்கான புதிய வால்வு ஏற்றதன்று. சுண்ணாம்பு படிந்த கதவினையே அவ்வால்வு பிடிப்பாகக் கொள்வது. விலங்குத் திசுவால் ஆனதாகையால் இளவயதினரின் உடலில் விரைவில் தேய்வது. இவர்களுக்கு வழிகண்டவர் ஜப்பானியரான கஞ்சி இனோவே. 1982இல் அவர், தொடை நாளத்தின் வழியே இதயத்தின் வலப்புறம் சென்று, அறைகளைப் பிரிக்கும் சுவரில் சிறு துளையிட்டு இடப்புறம் புகுந்து, இடை சிறுத்த பலூனொன்றினால் ஒட்டிய இதழ்களைப் பிரித்தார்.

இம்முறை சத்திரசிகிச்சைக்கு நிகராகுமா என்பதைத் தீர்த்துவைத்த ஆய்வுகளுள் முக்கியமானது நம் அயலிலேயே நடந்தது. ஹைதராபாத்தில் 60 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குப் பலூனும் மற்றையோருக்குத் திறந்த சத்திரசிகிச்சையும் செய்தனர். 1994இல் வெளியான அதன் முடிவின்படி, மூன்றாண்டுகளின் பின் பலூன் பெற்றவர்களின் வால்வு வாயில் சராசரி 2.4 சதுர சென்ரிமீற்றர். சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு 1.8. நெஞ்சில் தழும்பில்லை, செலவும் குறைவு. ஏழை நாட்டு நோயொன்றுக்கு ஏழை நாட்டு வைத்தியசாலையில் கண்ட விடை உலகப் பாடநூல்களில் ஏறிற்று.

ஆயினும் இவை எல்லாவற்றினும் மலிவான சிகிச்சை, தொண்டைநோவின்போதே கொடுக்கும் பெனிசிலின் ஆகும். மூட்டுவாதக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாது ஏற்றிவந்தால் வால்வைக் காக்கலாம். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இரத்மலானையிலோ வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர், மூட்டு வீங்கி நொண்டிவரும் மாணவனை 'வளரும் வயதின் வலி' என்று எண்ணி விட்டுவிடாது வைத்தியரிடம் அனுப்புவாராயின், பிற்காலத்துப் பலூன் ஒன்றுக்கு வேலையில்லாமற் செய்தவராவார்.

காலத்தின் அளவு

மூன்றாவது அளவே மாரடைப்பில் முதன்மை பெறுவது. நாடி அடைபட்ட கணத்திலிருந்து இதயத்தசை சாகத் தொடங்குகிறது. இறந்த தசை மீளாது. நோய் உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சை கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. கிடையாதெனின், உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றிவிட்டு, பின்னர் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். இதுவே இன்றைய வைத்திய நியதி.

இந்நியதியைச் செயலாக்கிப் பார்த்த ஆய்வொன்று தமிழ்நாட்டில் நடந்தது. கோயம்புத்தூரின் டொக்டர் தோமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டொக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய 'தமிழ்நாடு ஸ்டெமி' திட்டம் அது. சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும்போல, கதீற்றர் வசதியுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றைச் சுற்றி அவ்வசதியற்ற சிறிய வைத்தியசாலைகள் பலவற்றை இணைத்தனர். சிறிய வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்து அதனைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவர். கரைக்கும் மருந்தை அங்கேயே ஏற்றுவர். பின்னர் நோயாளர் காவு வண்டியில் ஏற்றி அனுப்புவர். ஏழைகளின் செலவை மாநில அரசின் காப்புறுதித் திட்டம் ஏற்றது. புதிய கருவி எதையும் எவரும் கண்டுபிடிக்கவில்லை, இருந்தவற்றை ஒழுங்குபடுத்தினர்.

2,420 நோயாளரைக் கொண்ட இவ்வாய்வின் பெறுபேறு 2017இல் வெளியாயிற்று. திட்டத்துக்கு முன்னர் நோயாளரில் 35 வீதத்தினருக்கே அஞ்சியோகிராம் கிட்டியது. பின்னர் ஏறத்தாழ 61 வீதத்தினருக்குக் கிட்டியது. ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதமாகக் குறைந்தனர். நூறு பேரில் மூவருக்கு மேற்பட்டோர் பிழைத்தனர் என்பது இதன் பொருள். அம்மூவரைக் காத்தவற்றுள் தொலைபேசியும் வண்டியும் காப்புறுதி அட்டையும் அடங்கும்.

இலங்கையிலும் இவ்வொழுங்கின் ஒரு கூறு அமைந்துள்ளது. இந்திய அரசின் நன்கொடையோடு 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய '1990 சுவசெரிய' நோயாளர் காவு வண்டிச் சேவை, பின்னர் வடக்கு உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. அழைப்புக்கும் பயணத்துக்கும் கட்டணமில்லை. ஆனால் வண்டி வரவேண்டுமாயின் யாரேனும் அழைக்கவேண்டும் அன்றோ? நடுநெஞ்சு இறுகுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இடது தோளும் தாடையும் நோகின்றன என்று ஒருவர் சொல்லும்போது, 'வாய்வு' என்று கூறி உள்ளி அவித்துக் கொடுத்து, சோடா வாங்கிவர ஆளனுப்பி, விடியட்டும் என்று காத்திருக்கும் வீடுகள் நம்மவரிடையே இன்றும் பல. நீரிழிவு உள்ளோருக்கும் பெண்களுக்கும் வலியே தோன்றாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் குமட்டலும் மட்டும் வருதலும் உண்டு. தம் வலியைச் சொல்லி வீட்டாரைக் கலங்கடிக்க விரும்பாத தாய்மாரே இவ்வாறு அதிக நேரத்தை இழப்பவர்கள்.

வள்ளுவர் அதே அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறினார்: நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன். முதல் மூன்றையும் பற்றி உலகம் நிறைய ஆராய்ந்துவிட்டது. நான்காமவர் இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் உறங்கும் மகனாக இருக்கலாம். ஆசிரியர் ஓய்வறையில் அடுத்த கதிரையில் அமர்ந்திருப்பவராக இருக்கலாம். இந்தப் பக்கத்தை இப்பொழுது வாசித்துக்கொண்டிருக்கும் தாங்களாகவும் இருக்கலாம். அவர் செய்யவேண்டியது பெரிதன்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நடக்கவிடாது அமர்த்தி, வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்தை உடனே அழைக்கவேண்டும்.